அரிவாளுக்கு எதற்கு முகமூடி?

ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் டீக்கடையில் ஒரு பேச்சு கிளம்பும். "அவன் ஒருமாதிரி சைக்கோவே, மத்தபடி தங்கமான குடும்பம்." படித்தவர்கள் இதையே சலவை செய்து சொல்கிறார்கள்: மறைந்திருந்த ஆளுமைக் கோளாறு, தடய உளவியல் ஆராய வேண்டும். ஆராயட்டும். எதை?

அமெரிக்க மனநல மருத்துவர் ஹெர்வி கிளெக்லி 1941இல் இப்படிப்பட்டவர்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார். வெளியே தெரியும் புத்தித் தெளிவு முகமூடி, உள்ளே உணர்ச்சி வற்றிய மனம் என்றார். பிற்பாடு கனடாவின் ராபர்ட் ஹேர் அதற்கு 20 அம்சங்களில் பட்டியல் போட்டார். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மார்க், மொத்தம் 40. குற்ற உணர்வின்மை, இரக்கமின்மை, கூசாமல் பொய் பேசுவது எல்லாம் உண்டு. சிலரைப் புரிந்துகொள்ள உதவும், மறுக்கவில்லை.

நம்ம ஊர் அரிவாளுக்கு அந்தப் பட்டியலை நீட்டிப் பாருங்கள். அம்மாவுக்கு அடங்கின பிள்ளை. கோயில் கொடைக்கு முன்னால் நிற்பான். தெருவில் ஒருத்தருக்கு முடியலைன்னா ராத்திரி ரெண்டு மணிக்கும் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுவான். இரக்கம் இருக்கிறது, சேரி எல்லையில் நின்றுவிடுகிறது. இதற்கு எத்தனை மார்க்?

முகமூடியும் தேவைப்படவில்லை. சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டிப் பள்ளிக்கூடம் போகிற சீமை இது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், தொந்தரவைப் பள்ளியில் சொன்ன தலித் மாணவனைக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தங்கையையும் விடவில்லை. அதையொட்டி அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024இல் கயிறைத் தடை செய்யச் சொன்னது. மூளையை ஸ்கேன் பண்ணச் சொல்லவில்லை.

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீசுக்குப் போன ஊர்வலத்தைப் போலீஸ் தாமிரபரணிக்குள் அடித்து விரட்டியது. செத்தது 17 பேர், பச்சைக் குழந்தை உட்பட. லத்தி தூக்கிய அத்தனை பேருக்கும் ஒரே மத்தியானத்தில் ஆளுமைக் கோளாறா?

சட்டமும் ரொம்ப நாள் மனசுக்குள் தேடிக்கொண்டிருந்தது. 1989ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், ஆயுள் தண்டனைக்கான 3(2) ஐந்தாம் உட்பிரிவு, செத்தவர் தலித் என்ற காரணத்தாலேயே செய்ததாக நிரூபிக்கச் சொன்னது. வெட்டினவன் மனசுக்குள் யார் போய்ப் பார்க்க? பெண் விவகாரம், வரப்புத் தகராறு என்று வாதாடிப் பிரிவை உதிர்த்தார்கள். 2016 ஜனவரி 26இல் அமலான திருத்தம் இதை மாற்றியது. சாதி தெரிந்து செய்தால் போதும். செத்தவரையோ குடும்பத்தையோ முன்பே பழக்கம் என்றால், சாதியும் தெரியும் என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும்; இல்லை என்று அவன்தான் நிரூபிக்கணும். நான் பேங்கில் கையெழுத்தை ஒப்பிட்டுச் செக் பாஸ் பண்ணுகிறவன். போட்டவன் மனசு எனக்கு எதற்கு, கையெழுத்து இருக்கே.

பாளையங்கோட்டையில் 2025 ஜூலை 27இல் கவின் வெட்டிக் கொல்லப்பட்டபோது, உடலை வாங்க மறுத்து நின்ற வீட்டார் மனநலப் பரிசோதனையா கேட்டார்கள்? குற்றஞ்சாட்டப்பட்டவரின் பெற்றோரையும், போலீஸ் வேலையில் இருப்பவர்களையே, கைது செய்யச் சொன்னார்கள்.

புத்தி பேதலித்தவருக்கு பாரதிய நியாய சன்ஹிதா 22இல் விலக்கு உண்டு, பழைய 84. செய்வது இன்னதென்றோ தப்பென்றோ அறியும் திறனே இல்லாமல் இருக்க வேண்டும். ஆள் பார்த்து, நேரம் பார்த்து, அரிவாளை மறைத்து வருகிறவனுக்கு அது எப்படிப் பொருந்தும்? தோழர்களே, அடுத்த வழக்கில் எவராவது டாக்டர் சீட்டோடு வந்தால், எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கி 3(2) ஐந்தாம் உட்பிரிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.