50 டாலர், ஒரு டிக்கெட்

பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் வவுச்சராகத்தான் தெரியும். பாட்டுக் கேட்கும்போதுகூட.

நீல் யங் என்று கனடாவில் பிறந்த ஒரு பாடகர். டி.எம்.எஸ். ரசிகர்களுக்கு அந்தக் குரல் ஒத்துவராது. ஜலதோஷம் பிடித்த பையன் கெஞ்சுகிற மாதிரி இருக்கும். பழகிவிட்டால் விடாது. அவருக்கு டானி விட்டன் என்று ஒரு சிநேகிதர். கிதார்காரர், பாட்டும் எழுதுவார். 'ஐ டோன்ட் வான்ட் டு டாக் அபௌட் இட்' அவர் எழுதியதுதான். (ராட் ஸ்டூவர்ட் பாடி 1977-ல் இங்கிலாந்தில் முதலிடம். பார்க்க விட்டன் இல்லை.) அவரை ஹெராயின் பிடித்துக்கொண்டது.

நம்ம ஊரில் ஒப்பாரி எப்போது வைப்பார்கள்? பிணம் கூடத்தில் கிடக்கும்போது. நீல் யங் முன்கூட்டியே வைத்துவிட்டார். ஊசியைப் பற்றி ஒரு பாட்டு. ஒரே கிதார், ஒரே குரல், இரண்டு நிமிஷம் சொச்சம். 1971 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு பல்கலைக்கழக அரங்கில் பாடியதை அப்படியே 1972-ல் 'ஹார்வெஸ்ட்' ஆல்பத்தில் சேர்த்தார்கள். ஜனங்கள் கைதட்டுவதுகூடக் கேட்கும். அப்போது விட்டன் உயிரோடுதான் இருந்தார்.

அதே 1972 கடைசியில் டூருக்கு ஒத்திகை. நண்பரையும் கூப்பிட்டுக்கொண்டார். வந்தவரால் வாசிக்க முடியவில்லை. நீல் யங் 50 டாலரும் லாஸ் ஏஞ்சலீஸுக்கு விமான டிக்கெட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார். ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மெண்ட். நவம்பர் 18. அன்று ராத்திரியே செத்துப்போனார். 29 வயசு.

இந்த இடத்தில் நான் ஹெட்போனைக் கழற்றிவிடுவேன். காரணம் உண்டு. ஒரு கம்பெனியில் (பேர் வேண்டாமே) கணக்குப் பார்த்தபோது, எதிர் சீட்டுக்காரர் ஒருத்தர் ஏதோ மாத்திரையைப் போட்டுக்கொண்டு கண் சொருகி வர ஆரம்பித்தார். மூன்று வார்னிங். பிறகு அனுப்பிவிட்டார்கள். 11 நாள் சம்பளம், அதில் அட்வான்ஸ் கழித்து, பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டவன் நான்.

"ரவுண்ட் பண்ணிக் குடுத்திருக்கலாம்ல, பாஸு?" என்று சிரித்தார்.

ரவுண்ட் பண்ணவில்லை. ஏழு மாசம் கழித்துத் தகவல் வந்தது.

வைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டார். தெரியும். ஆனாலும் அந்த வவுச்சர் நம்பர் இன்னும் மனப்பாடம். எனக்குப் பாட்டு எழுத வராதே.

1973-ல் நீல் யங்குக்கு இன்னொரு அடி. கச்சேரி சாமான்களைச் சுமந்து, ஒயர் மாட்டுகிற புரூஸ் பெரி. அதே ஹெராயின். இந்தத் தடவை வாத்தியக்காரர்களோடு ராத்திரிகளில் உட்கார்ந்து, குடித்துவிட்டுப் பாடினார்கள். குரல் உடைகிறது, சுருதி விலகுகிறது. திருத்தவில்லை. சாவு வீட்டில் யார் சார் சுருதி பார்க்கிறார்கள்? செத்தவன் பேரையே பாட்டில் சொல்லிப் பாடுகிறார். 'டுநைட்ஸ் தி நைட்' என்ற அந்த ஆல்பம் 1975-ல்தான் வெளிவந்தது.

அதில் ஒரு பாட்டு மட்டும் செம குஷியாக இருக்கும். 1970-ல் நியூயார்க் கச்சேரி ஒன்றில் பதிவானது. டவுனுக்குச் சரக்கு வாங்கப் போகிற பாட்டு. பின்னால் நீல் யங் கிதார் வாசிக்கிறார்.

பாடுவது விட்டன்.