காரில் போனால் கரியாலூர்... நடந்து போனால் கல்வராயன்!

விடுமுறை வந்தால் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று ஒரே பாதையில் வரிசை கட்டி நிற்கிறோம். கள்ளக்குறிச்சியில் இருந்து காலை டிபன் முடித்துவிட்டுக் கிளம்பினால், மதியச் சாப்பாட்டுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடக்கூடிய ஒரு மலை இருக்கிறது. பெயர், கல்வராயன் மலை. இங்கே தாவரவியல் பூங்காவும் இல்லை, சாக்லேட் கடைத் தெருவும் இல்லை. இருப்பது பழைய ஊர்களும், அவற்றின் நீண்ட கதையும்தான். இந்த வாரம் அந்த ஊர்களுக்குக் காரில், பைக்கில், கால்நடையாக எப்படிப் போய்வருவது என்று பார்க்கலாம்.

முதலில் கொஞ்சம் வரலாறு

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி கல்வராயன். சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டு பிரிவு. கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்கள் இந்த மலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. 2019-ல் விழுப்புரத்தில் இருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, இந்தப் பக்கத்து மலை ஊர்களும் அதோடு வந்தன. வெள்ளிமலைதான் இப்போது கல்வராயன் மலை வட்டத்தின் தலைமையிடம்.

இங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே பொருள். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்தில் இருந்து தங்கள் சாமியான கரியராமரோடு கிளம்பிய மூன்று சகோதரர்களின் வழிவந்தவர்கள் நாங்கள் என்பது இவர்களிடையே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை மக்களிடமும் இதே கதை சிறு சிறு மாற்றங்களோடு உண்டு.

ஆட்சி வரலாறு இன்னும் விசேஷம். சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது இந்த மலை. நாடு சுதந்திரம் அடைந்தது 1947-ல். ஆனால், இந்த ஜாகிர்களை அரசு எடுத்துக்கொண்டது 1976-ல். கிட்டத்தட்ட 30 வருடம்! கீழே பள்ளிக்கூடம், ரோடு, கரன்ட் என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலத்தில், மேலே எல்லாமே தாமதமாகத்தான் தொடங்கியது. மலையில் ஏறும்போது இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால், பார்க்கிற பல விஷயங்கள் தானாகவே புரியும்.

காரில் போகிறவர்களுக்கு...

கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயபாளையம். அங்கிருந்து மலையடிவாரத்தில் கோமுகி அணை. 46 அடி உயர அணை இது. மலையில் பெய்யும் மழைதான் இதற்கு வரவு. அணையைத் தாண்டியதும் மலைப்பாதை ஆரம்பம். வழியில் பெரியார் அருவி, பிறகு கரியாலூர், அதன்பின் வெள்ளிமலை. கள்ளக்குறிச்சியில் இருந்து வெள்ளிமலைக்குச் சுமார் 40 கிலோமீட்டர்.

கரியாலூரில் படகு குழாம் இருக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்தி, படகு ஓட்டி, போட்டோ எடுத்து, இறங்கிவிடுகிறார்கள். முழு நாள் கையில் இருந்தால் வெள்ளிமலையில் இருந்து கருமந்துறை வழியாகச் சேலம் மாவட்டப் பக்கம் இறங்கலாம். கருமந்துறையில் அரசின் பெரிய பழப்பண்ணை இருக்கிறது. ஏறிய வழியிலேயே இறங்காமல் மலையை முழுதாகக் குறுக்கே கடந்த திருப்தி கிடைக்கும்.

பெட்ரோல், டீசலைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஹாரன் அடித்து, மேலே ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள். இருட்டுவதற்குள் இறங்கிவிடுவது நல்லது.

பைக்கில் போகிறவர்களுக்கு...

கச்சிராயபாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவை நேரத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் ரோட்டை அடைத்துக்கொண்டு போகும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கரும்புக் கட்டு இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. அதனால் விடிந்த பிறகே கிளம்புங்கள். இறக்கத்தில் என்ஜினை ஆஃப் செய்துவிட்டு உருட்டிக்கொண்டு வருவது பெட்ரோல் மிச்சம் அல்ல, ஆபத்து. இரண்டாவது கியரில் மெதுவாக இறங்குங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து கிடக்கலாம். செல்போன் டவர் எல்லா இடத்திலும் கிடைக்காது. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புவது அவசியம்.

பைக்கில் ஒரு லாபம் உண்டு. கார் நிற்காத இடத்திலும் நிற்கலாம். மரவள்ளிக் காட்டுக்குப் பக்கத்தில், சாமை காயும் களத்துக்குப் பக்கத்தில், கடுக்காய் உலர்த்தும் வாசலில். கல்வராயன் கடுக்காய்க்கும் தேனுக்கும் கீழே நல்ல பெயர். வாங்குவதாக இருந்தால் மலையிலேயே, விளைவிப்பவர் அல்லது சேகரிப்பவர் கையிலேயே காசு கொடுத்து வாங்குங்கள்.

நடந்து போகிறவர்களுக்கு...

சுவிட்சர்லாந்தில் கிரூயேர் என்றொரு பழமையான ஊர் இருக்கிறது. சீஸுக்குப் பெயர்பெற்றது. சுற்றுலாப் பயணிகள் காரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, கல் பாவிய தெருவுக்குள் நடந்துதான் போக வேண்டும். ஊரின் பழைய அழகு கெடாமல் இருக்கவும், அங்கே குடியிருப்பவர்கள் நிம்மதியாக இருக்கவும் இந்த ஏற்பாடு உதவுகிறது. கல்வராயனில் இப்படி எந்த விதியும் இல்லை. நாமே அப்படி வைத்துக்கொள்ளலாம். வண்டியை மெயின் ரோட்டில் ஓரமாக விட்டுவிட்டு ஊருக்குள் நடந்தால், நாய் குரைப்பதும் குறையும், மனிதர்கள் பேசுவதும் கூடும்.

"அண்ணே, இந்த வழி எங்கே போகுதுங்க?" என்று கேட்டால் வழி சொல்லாதவர்கள் குறைவு. ஆனால் வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டியையும், விளையாடும் பிள்ளைகளையும் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். கோயில் என்றால் செருப்பை எங்கே கழற்ற வேண்டும், எதுவரை போகலாம் என்று விசாரித்துவிட்டு நுழையுங்கள். காட்டுக்குள் இருக்கும் மேகம் போன்ற அருவிகளுக்குப் போவதாக இருந்தால் வனத்துறையிடம் கேட்டு, அனுமதி இருந்தால் மட்டும், உள்ளூர் ஆள் துணையோடு போங்கள். மேலே மழை பெய்தால் கீழே வெள்ளம் சொல்லிக்கொண்டு வராது.

நமக்கு டிரெக்கிங், அவர்களுக்கு?

இங்கேதான் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டியிருக்கிறது. நாம் ஒரு நாள் ஆசையாக நடக்கிற ஒற்றையடிப் பாதையில் இவர்கள் தினமும் நடக்கிறார்கள். ரேஷன் அரிசிக்கு, பள்ளிக்கூடத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு. வண்டி போகாத குக்கிராமங்களில் பிரசவ வலி வந்த பெண்ணையும், பாம்பு கடித்தவரையும் தூளி கட்டித் தூக்கி வரவேண்டிய நிலை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதன்பிறகு பலரும் கல்வராயனைக் கைகாட்டி, 'சாராய மலை' என்றார்கள். அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் இந்த மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. 'ஏன் காய்ச்சுகிறார்கள்' என்பதோடு சேர்த்து, 'வேறு என்ன வழி இருக்கிறது' என்ற கேள்வியும் அப்போதுதான் கீழே இருப்பவர்கள் காதில் விழுந்தது. ரோடு, மருத்துவம், பள்ளி, வேலை என எல்லாமே அதற்குள் வந்தன.

'காட்டு நிலத்தில் ரோடு போட முடியாது' என்று சொல்லிக் கேட்டிருப்போம். அது முழு உண்மை அல்ல. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில், ரோடு, பள்ளி, குடிநீர் போன்றவற்றுக்கு, ஒவ்வொரு தேவைக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தைக் கொடுக்க இடம் இருக்கிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். காட்டையும் காப்பாற்றி, ஊருக்கும் வழி விடுவதற்காக எழுதப்பட்ட பிரிவு அது.

ரோடு வந்தால் கூடவே நாமும் வருவோம். பிளாஸ்டிக் பாட்டில், உடைந்த மது பாட்டில், சிப்ஸ் கவர் என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போவோம். பல மலைகளில் நடந்தது இதுதான். ஆனால் அதைக் காரணம் காட்டி, 'இந்த ஊர் இப்படியே இருக்கட்டும், அழகாக இருக்கிறது' என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. நாம் சாயங்காலம் இறங்கிவிடுவோம். அவர்கள் அங்கேயே இருப்பவர்கள்.

கிளம்பும் முன்...

குடிநீர், தொப்பி, மழைக்கோட்டு, முதலுதவிப் பெட்டி, சில்லறைக் காசு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலிப் பையும் அவசியம். போகும்போது காலியாகவும், வரும்போது உங்கள் குப்பையோடும் வரட்டும். வெள்ளிமலைக்குக் கள்ளக்குறிச்சியில் இருந்து பஸ்ஸும் உண்டு. காரும் பைக்கும் இல்லாதவர்கள் அதில் ஏறலாம். சந்தைக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கு நடுவே உட்கார்ந்து போகும் அந்தப் பயணத்தில், மலையைப் பற்றி எந்த வழிகாட்டியும் சொல்லாத நாலு விஷயம் காதில் விழும்.