மந்தத்துக்குத் தரை, பேஸுக்கு மேடையா?

மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசிக்கிறவன் நான். எங்க தெருப் பையன்கள் ஏழு பேர். முழுநேரத் தொழில் இல்லை. சீவலப்பேரியைச் சுற்றிய ஆற்றங்கரை ஊர்களில் கொடை என்றால் போவோம். கைதட்டல் பாட்டுக்காரனுக்கு. பேஸ் தனியாக யார் காதிலும் விழாது. நிறுத்தினால் பாட்டே படுத்துவிடும்.

1951இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் மின்சார பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பல தலைமுறை முன்பே சுடலைமாடன் முன்னால் கணியான் கூத்தில் உச்சம், மந்தம் என இரண்டு மகுடம் அதிர்ந்தது. மந்தம்தான் எங்க பேஸ். வில்லுப்பாட்டில் குடத்துக்கும் அதே வேலை.

பிறகு ஏன் கம்பிக்கு மேடை, தோலுக்குத் தரை? சம்பிரதாயமாம். எங்க டிரம்ஸில் பிளாஸ்டிக், அதனால் கலை. மாட்டுத்தோல் என்றால் தீட்டு. அடிக்கிறவன் பழங்குடிக் கணியானோ பறையரோ, சாமி வருவதற்கு மட்டும் அவன் வேணும்.

மேடை ஏறியும் நாங்க தப்பவில்லை. "எந்தத் தெருடே?" என்று கேட்கும்வரை "சார்", பதில் சொன்னபின் "ஏலே". சோறு பந்தியில் இல்லை, பொட்டலமாக வேனுக்கு வரும்.

2018 ஜனவரியில் சென்னையில் 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பறையையும் சட்டியையும் கிடாரையும் ஒரே மேடையில் நிறுத்தியது. நகரத்தில் முடிந்தது கிராமத்துக் கொடையில் ஏன் முடியாது?

தோழர்களே, அட்வான்ஸ் வாங்கும்போதே பேசுங்க: மகுடக்காரருக்கும் நமக்கும் ஒரே மேடை, ஒரே பந்தி, நியாயமான கூலி. மறுத்தால் வாசிக்காதீங்க. மந்தம் இல்லாமல் கொடை எப்படி இருக்குமென்று அவங்களே கேட்கட்டும்.