பழுவூர்க் கல்லும் பளிங்கு மாளிகையும்



பழு என்பது ஆலமரம். ஆல் செழித்த ஊர் பழுவூர். அவ்வூர் இறைவன் கோயில் திருவாலந்துறை. கீழப்பழுவூரில் உள்ள அக்கோயிலுக்கு அண்மைக் காலமாக வெளியூர் இளைஞர் சிலர் வருகின்றனர். வழிபாட்டிற்கு அன்று, "நந்தினி இருந்த மாளிகை எது?" என வினவுதற்கு! நந்தினி, கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய தொடர்கதையிற் பிறந்தவள்; பழுவூர் மண்ணிற் பிறந்தவள் அல்லள். இதனைச் சொன்னால் என் மாணாக்கரே நம்ப மறுக்கின்றனர். "ஐயா, தொலைக்காட்சியிற் கண்டோமே!" என்பது அவர்தம் சான்று.

கண்டது யாது? அக்கதை 2022, 2023 ஆகிய ஈராண்டுகளில் இரு பகுதியாகத் திரைக்கு வந்து, பின்னர் வீடுதோறும் புகுந்தது. அதில் நம் வேந்தர் உலவும் கூடங்களுட் சில, நடு இந்தியாவின் ஓர்ச்சாவில் உள்ளவை. சோழர் ஆட்சி மறைந்து சில நூற்றாண்டுகட்குப் பின் பண்டேல மன்னர் எடுப்பித்தவை. நம் மாவட்டத்திலேயே, கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த மாளிகைமேட்டை அகழ்ந்தபோது வெளிப்பட்டவை செங்கற் சுவரும், கூரை ஓடும், இரும்பாணியும், சீன மட்கலத் துண்டுகளுமே. கங்கைவரை படை செலுத்தியவன் செங்கல்லில் வாழ்ந்தான். கருங்கல்லை இறைவனுக்கு ஆக்கினான். இந்தப் பெருமிதத்தைக் காட்ட எவர்க்கும் மனமில்லை. பொன்னும் பட்டும் சூழ்ச்சியும் இருந்தாற்றானே விளம்பரம் வரும்!

மொழியோ சொல்லுந்தரமன்று. 1987இல் இராமாயணத் தொடர் வந்த நாள் முதலாக, வடபுலத்துத் தொடர்களும் அவற்றின் குரல்மாற்றுப் படிகளும் 'மகாராஜா', 'சாம்ராஜ்யம்', 'தர்பார்' என்பவற்றையே அரண்மனை மொழியாக்கிவிட்டன. வேந்து, பேரரசு, ஓலக்கம் என்னும் சொற்கள் நமக்கு இல்லாமற் போயினவா?

இவற்றினும் பெருங்குறை ஒன்றுண்டு. திரையில் அரசன் அழுவான், அரசி அழுவாள்; கவரி வீசுபவளுக்குப் பெயரே இராது. ஆங்கிலேயர் 2010 முதல் 2015 வரை நடத்திய 'டவுன்டன் ஆபி'யில் ஏவலர்க்குப் பெயரும் கதையும் உண்டு. ஆயினும் அங்கும் ஆண்டையின் நன்மைக்கு உருகுவதே அவருட் பலர்க்குத் தொழில்.

நம் கல்வெட்டுகள் வேறு பேசுகின்றன. பாண்டியனும் ஈழத்தரசனும் படைகொண்டு வர, முதற் பராந்தகன் பொருட்டுப் பழுவேட்டரையர் கண்டன் அமுதனார் வெள்ளூரிற் பொருதார். அவ்வெற்றிக்காகத் திருவாலந்துறையில் விளக்கு வைத்தவன் பரதூர் நக்கன் சாத்தன் என்னும் வீரன். ஆயிரத்து நூறாண்டாக அவன் பெயர் நிற்கின்றது. தஞ்சைப் பெருங்கோயிலிலோ தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயரும், எவ்வெத் தளியினின்று கொணரப்பட்டனர் என்பதும், ஆளுக்கு 100 கலம் நெல் என்பதும் வெட்டப்பட்டுள்ளன. வெட்டி என்ற பெயரில் கூலியின்றி வாங்கிய உழைப்பையும் அக்காலக் கல்வெட்டுகள் ஒளிக்கவில்லை.

நாமோ ஒளிக்கின்றோம். நம் தோழருள்ளும் சிலர், முடிசூடியவனைத் திரையிற் கண்டதும் இனமே முடிசூடியதாகக் கைதட்டுகின்றனர். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: இப்பழுவேட்டரையரே கீழையூரில் எடுப்பித்த இரட்டைக் கோயிலுக்கு 'அவனிகந்தர்ப்ப ஈசுவர கிருகம்' என வடமொழிப் பெயரே இட்டனர். கசப்பாயினும் உண்மை அது. ஆண்டவன் தமிழன் என்பதனாலேயே அவன் செய்தவெல்லாம் தமிழர்க்கு ஆக்கமாகிவிடா.

நந்தினி மாளிகையைக் கேட்டு வருவோர்க்கு நக்கன் சாத்தன் கதையைச் சொல்லுமாறு என் மாணாக்கரைப் பணித்துள்ளேன். நால்வர் அதனை மனப்பாடமே செய்துவிட்டனர்.