கொலைகாரன் என்று சொல்ல முந்துகிறவர்களுக்கு



நேற்று இடைவேளையில் தரம் 7 பிள்ளையொன்று அழுதுகொண்டு வந்தது. "சேர், என்னைக் கொலைகாரன்ட மகன் என்று சொல்றாங்க."

இதை மற்றப் பிள்ளைகள் எங்கே படித்தார்கள்? என் வகுப்பிலா? இல்லை, உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில்.

அந்த வேலிச் சண்டை எல்லோருக்கும் தெரியும். வாய்த்தர்க்கம், தள்ளுமுள்ளு, கையில் அகப்பட்ட மண்வெட்டிப் பிடியால் ஓர் அடி, ஒரு மௌத்து. மௌத்தானவரின் வீட்டாருடைய துக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மேல் நீதிமன்றம் "கொலையாகாத ஆட்கொலை" என்று தீர்த்த நாளிலிருந்து ஊரே சொல்கிறது, "காசு பேசிட்டு" என்று. ஆதாரம் கேட்டால் ஒருவரிடமும் இல்லை.

எங்கள் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டினுடையது. அதில் ஆட்கொலை பெரிய வட்டம், கொலை அதற்குள் இருக்கும் சின்ன வட்டம். கொல்லும் எண்ணத்தோடு செய்தால், அல்லது சாதாரணமாகவே உயிரை எடுக்கப் போதுமான காயத்தை வேண்டுமென்றே ஏற்படுத்தினால், அது கொலை. 296ஆம் பிரிவின்படி மரண தண்டனை. ஆனால் 294ஆம் பிரிவே விதிவிலக்குகளையும் சொல்கிறது. அதிலொன்று, முன்கூட்டித் திட்டமிடாமல் திடீர்ச் சண்டையில் ஆத்திரத்தில் நடந்தது, அநியாயமாக மேல்கையெடுக்காமலும் கொடூரமாக நடக்காமலும் இருந்தால். யார் முதலில் கை வைத்தது என்பதுகூட அங்கே முக்கியமில்லை. (எங்கள் குழுக்களில் ஒரு வாரமாக நடந்த விவாதமே அதுதான்!)

விதிவிலக்கு என்றால் விடுதலை இல்லை. 297ஆம் பிரிவில் 20 வருடம் வரை சிறை. கொல்லும் எண்ணமில்லாமல், மரணம் நேரலாம் என்ற அறிவு மட்டும் இருந்தால் 10 வருடம் வரை. தூக்குக் கேட்கிறவர்களே, 1976க்குப் பிறகு இந்த நாட்டில் யாரையும் தூக்கிலிடவில்லை என்பதாவது தெரியுமா?

"செத்தவன் செத்தவன்தானே, இதில் என்ன வித்தியாசம்?" என்று ஒருவர் எழுதியிருந்தார். போன வருடம் சந்தியில் வேகமாக வந்த மோட்டார் சைக்கிள் ஒரு மூத்தம்மாவை அடித்தபோது இதே ஆள் "கத்ர்" என்று எழுதினார், மன்னிக்கச் சொன்னார். அது 298, கவனயீனத்தால் மரணம், 5 வருடம் வரை. அப்போது வித்தியாசம் தெரிந்ததே! ஓட்டியது யாருடைய மகன் என்பதும் தெரிந்தது.

சூரா அந்நிஸாவின் 92ஆம் ஆயத்தும் 93ஆம் ஆயத்தும் அடுத்தடுத்து இருக்கின்றன. தவறுதலாக நடந்ததற்கு ஒரு சட்டம், வேண்டுமென்றே செய்ததற்கு வேறு. ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருப்போம்.

தண்டனை போதாது என்று நினைத்தால் அதுவும் ஒரு நியாயமான கேள்விதான். சட்டமா அதிபர் மேன்முறையீடு செய்யலாம். அவருக்கு எழுதுங்கள், நானே கடிதம் எழுதித் தருகிறேன்.

ஆனால் அந்த வொய்ஸ் கட்டை இன்றிரவே அழியுங்கள், அட்மின்மாரே. நாளைக்கும் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார மாட்டோம் என்று யாராவது எழும்பினால், எழும்பிய பிள்ளையின் வாப்பாவைத்தான் பாடசாலைக்குக் கூப்பிடுவேன்.