மேக்னட்டைப் பிடித்திருப்பது எது?



பிழைப்பை நாடி மும்பைக்கும் பெங்களூருக்கும் டில்லிக்கும் சென்று குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றில், வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருள் அன்று. அன்றாட வருவாயே அதை நம்பி இருக்கிறது. ஒரு நாள் காலையில் அது உதைக்க உதைக்க உயிர்பெறாமல் போனால், முதலில் பிளக் மாற்றப்படுகிறது, பின்பு காயில், அதன் பின்பு சி.டி.ஐ. பெட்டி. பணம் கரைகிறது, கோளாறோ அப்படியே இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் முன்பாகப் பார்க்கவேண்டிய ஒரு சிறு இரும்புத் துண்டைப் பற்றி இம்மாதம் அறிந்துகொள்வோம்.

பெட்ரோல் வருகிறது, பிளக்கில் பொறியும் தெரிகிறது, ஆயினும் வண்டி கிளம்பவில்லை. அல்லது கிக்கர் காலைத் திருப்பி அடிக்கிறது. சைலன்சரில் வெடிச்சத்தம் கேட்கிறது. எஞ்சின் வழக்கத்திற்கு மீறிச் சூடாகிறது. இவை பொறி விழும் நேரம் தவறியிருப்பதன் அடையாளங்களாக இருக்கலாம்.

மேக்னட் என்பது என்ன?

கிராங்க் தண்டின் முனையில் பொருத்தப்பட்டுள்ள கனத்த ஃப்ளைவீலையே பட்டறைகளில் ‘மேக்னட்’ என்கிறார்கள். அதன் உட்புறத்தில் காந்தங்கள் உள்ளன. ஜெர்மனியில் ராபர்ட் போஷ் நிறுவனத்தின் பொறியாளர் கொட்லோப் ஹோனோல்ட், 1902-இல் உயர் அழுத்த மேக்னட்டோவை ஸ்பார்க் பிளக்குடன் இணைத்து உருவாக்கினார். காந்தத்தைக் கொண்டு பொறி எழுப்பும் அந்த மரபின் பெயரே இன்றும் பட்டறையில் நிலைத்திருக்கிறது.

பிஸ்டன் உச்சியை அடைவதற்குச் சற்று முன்பே பொறி விழவேண்டும். ஏனெனில் எரிபொருள் முழுவதும் எரிய நேரம் தேவை. நிமிடத்திற்கு 3,000 சுற்று சுழலும் எஞ்சினில் ஒரு முழுச் சுற்றுக்குக் கிடைப்பதோ ஒரு நொடியில் 50-இல் ஒரு பங்குதான். பொறி எப்போது விழவேண்டும் என்பதை மேக்னட் நிற்கும் நிலையே தீர்மானிக்கிறது. அந்நிலையைக் காட்டுவது, தண்டின் பள்ளத்தில் அமர்ந்திருக்கும் அரைவட்ட வடிவமான சாவி. இதை ‘ஹாஃப் மூன் கீ’ என்பார்கள்.

இங்கே பலரும் தவறாக எண்ணுவது ஒன்று உண்டு. மேக்னட்டைப் பிடித்திருப்பது இந்தச் சாவி அன்று. தண்டின் கூம்பு முனையும் மேக்னட்டின் கூம்புத் துளையும் ஒன்றையொன்று இறுகக் கவ்வுவதே அதைப் பிடித்திருக்கிறது. நட் அந்தக் கவ்வுதலை உண்டாக்குகிறது. சாவி இடத்தை மட்டும் காட்டுகிறது. கூம்பில் எண்ணெய்ப் பசை இருந்தாலும், நட் தளர்ந்திருந்தாலும், முழுப் பாரமும் சாவியின்மேல் விழுந்து அது அறுபடுகிறது. 14 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டில் மேக்னட் 1 மில்லிமீட்டர் நழுவினாலே பொறி நேரம் ஏறக்குறைய 8 பாகை மாறிவிடும்.

கழற்றும் முறை

எஞ்சின் குளிர்ந்திருக்கட்டும். பேட்டரி இணைப்பை நீக்கி, வண்டியை நியூட்ரலில் வைத்து, பிளக்கைக் கழற்றுங்கள். சில எஞ்சின்களில் மூடிக்குள் எண்ணெய் இருக்குமாகையால் கீழே ஒரு தட்டு வையுங்கள். மேக்னட்டை அதற்குரிய ஹோல்டரால் பிடித்துக்கொண்டு நட்டைக் கழற்றவேண்டும்; துளையில் ஸ்குரூடிரைவரைச் செருகி நிறுத்துவது காயிலைச் சிதைக்கும்.

பின்பு உங்கள் வண்டிக்கென்று விற்கப்படும் மேக்னட் புல்லரை அதன் மரைகள் முழுவதும் ஏறும்வரை திருகி, நடு போல்ட்டை மெல்ல இறுக்குங்கள். ‘டக்’ என்ற ஒலியுடன் மேக்னட் விடுபடும். சுத்தியலால் அதன் விளிம்பில் ஒருபோதும் அடிக்காதீர்கள். காந்தம் உடையலாம், கிராங்க் தண்டே கோணலாகலாம். செல்ஃப் ஸ்டார்ட் உள்ள வண்டிகளில் மேக்னட்டின் பின்னால் வேறு பல பாகங்கள் இருப்பதால், அவ்வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே நலம்.

கழற்றிய மேக்னட்டைத் தரையில் கவிழ்க்காமல், சுத்தமான காகிதத்தின்மேல் வையுங்கள். தரையிலுள்ள இரும்புத் துகளும் சிறு திருகும் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு, பின்பு காயிலைக் கிழித்துவிடும்.

திரும்பப் பொருத்தும்போது

சாவியின் ஓரம் நசுங்கியிருந்தாலோ படி விழுந்திருந்தாலோ புதியது போடுங்கள். சில ரூபாய்ப் பொருள்தான். இரு கூம்புகளையும் பெட்ரோல் தோய்த்த துணியால் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். கிரீஸ் தடவக் கூடாது. சாவி பள்ளத்தில் நேராக அமர்ந்திருக்கிறதா, மேக்னட்டை ஏற்றும்போது அது பின்னுக்குத் தள்ளப்படவில்லையா என்று பார்த்து, வாஷரையும் நட்டையும் வைத்து, வண்டியின் கையேட்டில் குறித்துள்ள அளவுக்கு டார்க் ஸ்பானரால் இறுக்குங்கள்.

நேரத்தைச் சரிபார்த்தல்

பல வண்டிகளின் மேக்னட்டில் ‘டி’, ‘எஃப்’ என்ற இரு ஆங்கில எழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருக்கும். ‘டி’ பிஸ்டன் உச்சியில் இருப்பதையும், ‘எஃப்’ பொறி விழும் இடத்தையும் குறிக்கின்றன. சி.டி.ஐ. உள்ள வண்டியில் எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது டைமிங் லைட்டைக் காட்டினால், ‘எஃப்’ கோடு எஞ்சின் உடலிலுள்ள குறிக்கு நேராக நிற்கவேண்டும். இச்சோதனையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய அறையில் புகை உயிருக்கு ஆபத்து.

பழைய பாயிண்ட் வண்டியில் எஞ்சினை ஓட்டவேண்டியதில்லை. முதலில் பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜினால் கையேட்டின்படி வைத்து, மெல்லிய காகிதத் துண்டொன்றைப் பாயிண்டுக்கிடையில் செருகி, மேக்னட்டை அது ஓடும் திசையிலேயே மெல்லச் சுற்றுங்கள். காகிதம் விடுபடும் கணத்தில் ‘எஃப்’ குறிக்கு நேர் வரவேண்டும். இடைவெளி கூடினால் பொறி முந்தும், குறைந்தால் பிந்தும்.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். சாவி அறுந்து மேக்னட் நழுவினால், பொறியை எழுப்பும் பகுதியும் ‘எஃப்’ கோடும் சேர்ந்தே நழுவுகின்றன. ஆகவே நேரம் தவறியிருந்தும் டைமிங் லைட்டில் எல்லாம் சரியாகவே தோன்றும்! யமஹா ஆர்.எக்ஸ். 100 போல் பிளக் மேலிருந்து இறங்கும் வண்டியில், பிளக் துளை வழியே பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல் ஒன்றைப் பிஸ்டனின்மேல் நிறுத்தி, மேக்னட்டைக் கையால் சுற்றுங்கள். குழல் மிக உயரத்தில் நிற்கும்போது ‘டி’ போன்ற உச்சிக் குறி நேராக வருகிறதா? வெகுவாக விலகியிருந்தால் சாவியின்மேல் ஐயம் கொள்ளலாம். பிளக் சாய்வாக உள்ள வண்டிகளில் இம்முறை உதவாது; மேக்னட்டைக் கழற்றிச் சாவியை நேரில் காண்பதே உறுதியான வழி.

நீங்களே இவ்வேலையைச் செய்யாவிட்டாலும், அடுத்த முறை பட்டறையில் புதிய சி.டி.ஐ. வாங்கச் சொன்னால், “மேக்னட் சாவியைப் பார்த்தீர்களா?” என்று அன்பாய்க் கேளுங்கள். கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் ஒரு வாரக் கூலி அந்த ஒரு கேள்வியில் மிஞ்சக்கூடும்.