பள்ளிவாசல் மின்சாரமும் நமது மின்வண்டியும்

 

சென்ற ஆண்டு என் பழைய பெட்ரோல் வண்டி ஓடாமல் போனபின் மின்சார ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினேன். ஒரு நாள் வீட்டில் சார்ஜ் போட மறந்துவிட்டு மதரஸாவுக்கு வந்தேன். வகுப்பறைச் சன்னல் வழியாக வயரை இழுத்துச் செருகிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன். பாடம் முடிந்ததும் பன்னிரண்டு வயது மாணவர் ஒருவர், "ஹஜ்ரத், இது மதரஸா கரண்ட்தானே, நாம் எடுக்கலாமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் குறும்பு இல்லை. அறிந்துகொள்ளும் விருப்பமே இருந்தது. என்னிடம் விடை இல்லை. எழுந்து சென்று வயரைக் கழற்றினேன்.

கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள், சொந்தப் பேச்சு தொடங்கியதும் பொதுநிதி எண்ணெயில் எரிந்த விளக்கை அணைத்தார்கள் என்று கூறப்படும் வரலாற்றை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருபவன் நான். அதை என் வயரோடு பொருத்திப் பார்க்க ஒரு சிறுவர் தேவைப்பட்டார்.

மின்வண்டி நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் வண்டி 90 கிலோமீட்டர் செல்ல இரண்டு லிட்டர் வேண்டும், அதாவது 4.6 கிலோ புகை. அதே தூரத்துக்கு மின்சார ஸ்கூட்டருக்கு மூன்று யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதால் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ என்று கணக்கிட்டாலும், வெளியாகும் வாயு பாதியளவே. மாத வருமானம் குறைந்த ஆலிம்களுக்கும் முஅத்தின்களுக்கும் பெட்ரோல் செலவு மிச்சமாவது பெரிய ஆறுதல். ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் இவ்வண்டிகள் தயாராகின்றன. நம் பள்ளிவாசல் வாசல்களிலும் அவை பெருகி வருகின்றன. ஆகவே அந்தச் சிறுவரின் கேள்வி இன்று எல்லா ஜமாஅத்துகளுக்கும் உரியதாகிவிட்டது.

பள்ளிவாசலின் மின்சாரம் வக்ஃபுச் சொத்தின் வருவாயிலும் மக்களின் நன்கொடையிலும் வருவது. வக்ஃபு செய்தவர் எந்த நோக்கத்திற்காகக் கொடுத்தாரோ அந்த நோக்கத்திற்கே அது செலவாக வேண்டும் என்பது ஃபிக்ஹு நூல்கள் வலியுறுத்தும் அடிப்படை. "மின்விசிறியும் ஒளுத் தண்ணீரும் நமக்குத்தானே?" என்று சிலர் வினவலாம். அவை தொழுகைக்குத் துணைபுரிபவை. என் வண்டி மறுநாள் கடைத்தெருவுக்கு ஓடுவதற்கான மின்சாரம் அப்படிப்பட்டதன்று.

"ஒரு முறைக்கு இருபது, முப்பது ரூபாய்தானே?" என்பது அடுத்த வாதம். கைபரில் கிடைத்த பொதுப் பொருள்களிலிருந்து பங்கிடும் முன் எடுக்கப்பட்ட ஒரு போர்வையைக் குறித்து நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்ததும், அதைக் கேட்டு அஞ்சிய ஒருவர் செருப்பு வாரைக் கொண்டுவந்து ஒப்படைத்ததும், அதுவும் நெருப்பே என அவர்கள் உணர்த்தியதும் புகாரியில் பதிவாகியுள்ளன. பொதுச் சொத்தில் சிறிது, பெரிது என்ற கணக்கு இல்லை. உண்டியலில் பணம் போட்டுவிட்டால் போதும் என்றே நானும் முதலில் எண்ணினேன். ஆனால் அனுமதி பெறாமல் எடுத்துவிட்டு, விலையையும் நாமே நிர்ணயிப்பது அமானிதம் ஆகாது. வழியில் மின்கலம் தீர்ந்து தவிக்கும் முஸாஃபிருக்கு உதவுவது வேறு. அதற்கும் முத்தவல்லியிடம் ஒரு சொல் கேட்டுவிடுவதே அழகு.

அதனால் சார்ஜ் போடுவதை அடியோடு தடுத்துவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. கொடுத்தவரின் நோக்கமே அளவுகோல் என்றால், அந்த நோக்கத்தோடு புதிதாகக் கொடுப்போரைத் தேடலாமே! பள்ளிவாசல் மாடிகள் நாளெல்லாம் வெயிலில் காய்கின்றன. ஒரு கிலோவாட் சூரியத் தகடு நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ நான்கு யூனிட் தரும். மூன்று கிலோவாட் அமைத்தால் பன்னிரண்டு யூனிட். ளுஹர் வேளையில் விசிறிகளும் சுழலும். சில வண்டிகளுக்கும் மின்சாரம் கிடைக்கும். அதற்கு நன்கொடை தருபவர், "தொழ வருவோரின் வாகனங்களுக்கும்" என்ற நிய்யத்தை எழுத்தில் சேர்த்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. இன்ஷா அல்லாஹ், அது அவருக்கு ஸதகத்துல் ஜாரியாவாக அமையும்.

அது இயலாத ஊர்களில் தனி மீட்டர் வைத்து, அடக்க விலையை வசூலித்துக் கணக்கை அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். வழிபாட்டுத் தலங்களுக்கு மின்வாரியம் தனிக் கட்டணப் பிரிவு வைத்திருப்பதால், அந்த இணைப்பிலேயே கொடுக்கலாமா, தனி இணைப்பு வேண்டுமா என்பதை முதலில் வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். சட்டத்தை மீறி நன்மை தேடுவது முறையன்று.

பாதுகாப்பையும் மறந்துவிடலாகாது. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போடப்பட்ட மின்வண்டி தீப்பற்றியதில் தந்தையும் மகளும் இறந்தனர். உறங்கும்முன் விளக்கை அணைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தது இத்தகைய ஆபத்தை எண்ணியே. மதரஸாவில் பிள்ளைகள் உறங்கும் இடத்தருகே இரவில் எந்த வண்டிக்கும் சார்ஜ் போடக் கூடாது. சார்ஜ் போடும் இடம் திறந்தவெளியில், எர்த் இணைப்புடன், மழை படாதவாறு அமைய வேண்டும்.

எங்கள் நிர்வாகத்திடம் இக்கோரிக்கையை எழுதிக் கொடுத்திருக்கிறேன். முடிவாகும்வரை என் வண்டிக்கு வீட்டில்தான் சார்ஜ். கேள்வி கேட்ட மாணவர் இப்போதெல்லாம் வகுப்புக்கு வரும்போது சன்னலை ஒரு முறை பார்த்துவிட்டே அமர்கிறார். அவர் அங்கு வயரைக் காணாதிருக்கும்வரை, நான் நடத்தும் பாடத்திற்கு அவர் உள்ளத்தில் மதிப்பிருக்கும். அமானிதம் பேணும் நன்மக்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.